முப்பத்தோராவது கேள்விக்கு அப்பாவின் பதில்

அப்பு,

நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். சென்னையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். துணியை விடப் புத்தகம்தான் கனக்கிறது என்றாய். லோடு கூடினால் ஏரோப்பிளேனும் ஏற்றத்தில் திணறும், பார்த்துக்கொள் என்றேன், நீ சிரித்தாய். சிரித்துவிட்டு வைத்த பிறகு இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனைக் காதில் வைத்தால் என் வாய்க்குக் கேலி ஒன்றுதான் வரும், அது அப்படிப் பழகிவிட்டது. கை அப்படி இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பார்த்துத்தான் போடும். அதற்குக் கேலி பண்ண நேரம் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். போடி ஜீப்பு ஸ்டாண்டில், ட்ரிப்பு எழுதும் நோட்டில், ஸ்டீயரிங் மேல் வைத்து மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருக்கிறேன். பக்கத்து வண்டிக்காரர்கள் உயில் எழுதுகிறேன் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எழுதி வைக்க என்னிடம் இந்த வண்டியை விட்டால் என்ன இருக்கிறது, அதற்கும் ஒரு பக்கக் கதவு சாத்தாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நீ ஊருக்கு வந்து வீடு வீடாகக் கேட்டாயே ஒரு படிவம், அதில் முப்பத்தோராவது கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திருத்த வேண்டும். திங்கட்கிழமை நீ அந்தத் தாள்களை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவாய், அங்கே உட்கார்ந்து அதை வைத்துப் பெரிய புத்தகம் எழுதுவாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். அன்றைக்கு நான் சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் இத்தனை நாள் என்னால் சும்மா இருந்திருக்க முடியும், பாதி உண்மைதான் உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் என் ஜீப்பில்தான் நீ மலைக்கு ஏறினாய். பின்னால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் மடி மேல் மடியாக உட்கார்ந்திருக்க, நீ நடுவில் ஒரு காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, தாளும் பேனாவுமாக இருந்தாய். தோட்டத்தில் ஆள் எண்ணும் கங்காணி மாதிரியே இருக்கிறாய் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அதிலிருந்து வண்டி முழுக்க உனக்குக் கங்காணி என்றே பேராகிவிட்டது. வீட்டில் எத்தனை பேர் படித்தார்கள், எதோடு நின்றார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவீர்கள், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாய். "எந்த அட்டையப்பு? ரேஷன் அட்டையா, ஆதார் அட்டையா, ஓட்டு அட்டையா? சுருக்குப் பையில வெத்தலைக்கு எடமில்லாமப் போச்சு" என்று ஒருத்தி சொன்னாள். பதில் சொன்னால் என்ன கொடுப்பாய் என்று இன்னொருத்தி கேட்டாள். அவனே கவர்மெண்டு கொடுக்கிற காசில் கஞ்சி குடிக்கிறான், அவனிடம் போய்க் கேட்கிறாயே என்றேன். அப்போது முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த ராக்கம்மா கண் அசந்தாள். நான் முழங்கையால் இடித்தேன்.

"ஏத்தா ராக்கம்மா, ஒறங்குறியா?"

"ஒறங்கல. காலங்காத்தால ஒன் மூஞ்சியப் பாக்க வேணாமேன்னு கண்ண மூடியிருக்கேன்."

வண்டியே சிரித்தது. இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி இடித்தேன். மூன்றாம் தடவை இடித்தபோது நீ பின்னாலிருந்து கேட்டாய், நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு வருகிற பொம்பளை, கொஞ்ச நேரம் தூங்கத்தான் விடேன் என்று. தூங்கினால் சாய்ந்து கியரில் விழுந்துவிடுவாள் என்றேன். அது காரணம் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், வெளியாட்களிடம் கேட்பதையே நம் வீட்டிலும் கேட்டால்தான் நியாயம் என்று சொல்லி என்னை எதிரே உட்காரவைத்தாய். உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்றாய். மூன்று என்றேன். முப்பத்தோராவது கேள்விக்கு வந்தாய். கடந்த ஐந்து ஆண்டுகளில், பணம் இல்லாத காரணத்தால் வீட்டில் யாருக்காவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டது உண்டா. நீ வாசித்த வார்த்தை எனக்கு மனப்பாடம். வாசித்துவிட்டு உன் பேனா ஒரு நொடி நின்றது. அக்காவை நினைத்தாய், எனக்குத் தெரியும். "அக்காவுக்குத் திடீர்னு வந்ததுதானேப்பா" என்று நீயே சொன்னாய். நான், இல்லை என்று எழுதிக்கொள் கங்காணி, என் வாய்க்குப் பயந்து இந்த வீட்டுக்குள் சீக்கே எட்டிப் பார்க்காது என்றேன். நீ சிரித்துக்கொண்டே டிக் அடித்தாய். உன் அம்மா பூண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பூண்டு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய்.

பணம் இல்லாத காரணத்தால் தள்ளிப்போட்டது உண்டா என்றால் இல்லைதான் அப்பு. பணம் இருந்தது.

உன் அக்கா பாண்டீஸ்வரியின் கல்யாணத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். தை மாதம். மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீட்டில், லயத்தில். நல்ல குடும்பம், அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ரேஷன் கார்டில் பேரை உடனே வெட்டமாட்டார்கள். ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்று விட்டுவைப்பார்கள். மலை தாண்டிக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகவே விட்டுவைப்பார்கள், ஒரு மாநிலத்தில் இறக்கிய பேரை அடுத்த மாநிலத்தில் ஏற்றுவது லேசில்லை. உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள், இப்போது என்ன அவசரம் என்று. எனக்கு ஒரு கூத்து தோன்றிவிட்டது. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பேரை வெட்டி, வெட்டியதற்கு ஒரு தாள் வாங்கி, மறுவீட்டுக்கு அனுப்பும் சீர்த்தட்டில் வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் நடுவே வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பந்தி அதை எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்டார். "இனிமே இவ அரிசி ஒங்க பாடு சம்பந்தி. எங்க கார்டுல இவளுக்கு எடமில்ல" என்றேன். மண்டபமே சிரித்தது. கண்ணீரோடு நின்ற உன் அக்காவும் சிரித்தாள், என் தோளில் அடித்தாள். நீ அதைப் போனில் படம் பிடித்தாய். இப்போதும் இருக்கும். அதைப் பார்க்கத் தோன்றினால் ஒரு தடவை என் முகத்தை மட்டும் பார். ஊரைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்ற தெம்பில் ஒருத்தன் நிற்பான்.

அந்த அரிசிக் கார்டின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் காப்பீட்டு அட்டையும் வருகிறது என்பது அன்றைக்கு என் மண்டையில் இல்லை. தெரியாமல் இல்லை. நம் அட்டையில் நாலு பேர் முகமும் இருந்ததை நான்தானே வரிசையில் நின்று வாங்கினேன். தெரிந்தது, ஞாபகம் வரவில்லை. சிரிப்பு முன்னால் நின்றால் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது.

ஆனி மாதம் பாண்டி, மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். கல்யாணச் சாப்பாட்டில் உடம்பு போட்டுவிட்டாய், வேறென்ன என்றேன். பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். அப்போதுதான் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, பொறுமையான பிள்ளை, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "ஜீப்புக்கே நாலு வால்வு மாத்திட்டேன், பெத்த பிள்ளைக்கு ஒண்ணு மாத்த மாட்டேனா" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாண்டிதான் சிரித்தாள். பிறகு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டது. சின்ன வயதில் தொண்டைவலி, காய்ச்சல், அதற்குப் பின்னால் மூட்டு வீக்கம் ஏதாவது வந்ததா, அதற்கு முழு மருந்து கொடுக்காமல் விட்டால் பிற்பாடு வால்வைக் கெடுக்கும் என்று.

உனக்கு ஆறு வயது, அவளுக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் தொண்டை கட்டிக் காய்ச்சல். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். பத்து நாளைக்கு மருந்து கொடுத்தார், வீட்டில் வேறு பிள்ளைக்கு இருந்தால் அதையும் கூட்டிவா என்றார். நான் கூட்டிப்போகவில்லை. பொம்பளைப் பிள்ளை, தன்னால் சரியாகும் என்றில்லை, நான் அப்படிக்கூட யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை. உன் மருந்துப் புட்டியில் அடியில் மிச்சம் இருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அவளுக்குக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது. பத்துப் பதினைந்து நாள் கழித்து முழங்கால் வீங்கி நொண்டி நொண்டிப் பள்ளிக்கூடம் போனாள். கிழவி, கம்பு வேண்டுமா என்று தெருவே கேட்கும்படி கேட்டேன். அவளும் கூனிக் காட்டி நடந்து சிரிக்கவைத்தாள். டாக்டரம்மா கேட்டபோது, அப்படி எதுவும் வந்ததாக ஞாபகம் இல்லை என்று பாண்டி சொன்னாள். நான் சுவரைப் பார்த்தேன்.

காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு வாரத்தில் வைத்துக்கொள்ளலாம், அட்டை இல்லாவிட்டால் வால்வுக்கும் சேர்த்துக் கையிலிருந்து கட்ட வேண்டும், எப்படியானாலும் மாதக்கணக்கில் தள்ளாதீர்கள் என்றது அந்தப் பிள்ளை. அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் நீட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பேர் இதில் இல்லையே என்றார்கள். சரி, அந்தப் பக்கம் ஏறிவிட்டதா என்று மாப்பிள்ளையைக் கேட்டால், விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், இன்னும் ஏறவில்லை என்றான். இங்கே திரும்பச் சேர்க்கலாமா என்று கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். அங்கே கொடுத்த விண்ணப்பத்தை முதலில் வாபஸ் வாங்க வேண்டும், பிறகு இங்கே புதிதாகப் போட வேண்டும், அதற்கு ஆகும் நாளில் அங்கேயே ஏறிவிடும் என்றார்கள். ஆக, உன் அக்கா எந்தக் கார்டிலும் இல்லை. உயிரோடு ஒருத்தி, சோறு தின்கிறாள், மூச்சு விடக் கஷ்டப்படுகிறாள், ஆனால் போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அப்போது நம்மிடம் பணம் இருந்தது அப்பு. ராசிங்காபுரத்தில் உன் அம்மாவின் பங்குக் காட்டை வைகாசியில்தானே விற்றோம், உன் டெல்லிப் படிப்புக்கு. பாங்கியில் கிடந்தது. நீ சீட்டுக் கிடைத்துவிட்டது என்று கத்திக்கொண்டு போன் பண்ணினாய், பணம் கட்டப் பத்து நாள்தான் கெடு என்றாய். நாங்கள் மதுரையிலிருந்து வந்த மூன்றாம் நாள் அது. உன் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். "பிள்ளைக்கு மூச்சு முட்டுது. அவன் அடுத்த வருசம் படிக்கட்டும்." சீட்டு அடுத்த வருடம் வருமா என்று நான் கேட்டேன். கார்டு ஒரு மாதத்தில் வந்துவிடும், டாக்டரம்மா மாதக்கணக்கில் என்றுதானே சொன்னது, ஒரு மாதம் என்பது மாதக்கணக்கா, இரண்டும் நடக்கும், ஏன் ஒன்றை விட வேண்டும் என்று நியாயம் பேசினேன். எனக்கு நியாயம் பேச வரும் என்பது உனக்குத் தெரியும். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உனக்குக் கட்டினேன்.

பாண்டியை நாங்கள் கேட்கவே இல்லை. இதைத்தான் எழுத மூன்று நாள் ஆனது. அவள் காதில் எப்படியோ விழுந்து, ஒரு நாள் போனில், "அப்பா, ராசிங்காபுரத்துக் காட்ட வித்தாச்சாமே?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த இடத்தில் ஒரு அப்பன் உண்மையைச் சொல்லியிருக்கலாம், இல்லை அழுதிருக்கலாம், இல்லை வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான், "ஒனக்கு எதுக்குடி அந்தக் கணக்கு, ஒன் பேரத்தான் வெட்டியாச்சே" என்றேன்.

சிரித்தாள். எப்போதும்போலச் சிரித்தாள், நடுவில் மூச்சு வாங்க ஒரு இடம் விட்டு, மறுபடி சிரித்தாள். அவளைக் கேட்டிருந்தால் தம்பிக்கே கட்டுங்கள் என்று சொல்லியிருப்பாள் என்று சம்பந்தியம்மா பிறகு என்னைத் தேற்றினார். சொல்லியிருக்கலாம். எனக்குக் கட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருப்பாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

ஏழு வாரம் காத்திருந்தோம். மலையில் மழை விடவே இல்லை. லோடு இறக்கிவிட்டு நானும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கத்து ரேஷன் ஆபீசுக்குப் போவோம். அங்கே இருந்த அம்மா நல்லவர்தான், எங்களைப் பார்த்ததும் முகம் வாடிவிடும், "அடுத்த ஆழ்ச்ச வரும் சேட்டா" என்பார். அடுத்த வாரம் போனால் அதே அடுத்த ஆழ்ச்ச. நான் அவரைப்போலப் பேசிக் காட்டி பாண்டியைச் சிரிக்கவைப்பேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள், அதில் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது, வடிந்ததைப் பார்த்து நான் தைரியமானேன்.

ஆவணியில் ஒரு காலை. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன் பண்ணினான். லயத்துக்குப் போனபோது அவளை நாற்காலியோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். படுக்கமாட்டேன் என்றாள், படுத்தால் மூச்சு வரவில்லை. அதனால் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். போடிமெட்டில் மூட்டம், பத்தடி தெரியாது. நான் வெரசாக இறங்கினேன்.

"அப்பா, மெதுவாப் போங்க. நான் என்ன ஏலக்காய் மூட்டையா?" என்றாள்.

"மூட்டைன்னா வெலையாவது கெடைக்கும். ஒன்ன எவன் வாங்குவான்?"

அதற்கும் சிரித்தாள். இரண்டு மூன்று வளைவு கழித்து, "கார்டு வந்துருச்சாப்பா?" என்றாள். வந்துவிடும்டா, அடுத்த ஆழ்ச்ச என்றேன். அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தாள். நான் பேசிக்கொண்டே வந்தேன். வால்வு மாற்றினால் வண்டி புதிது மாதிரி ஓடும், பிறகு உன்னை வாடகைக்கு விடலாம் என்றெல்லாம் உளறினேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு தூங்கிவிட்டாள், தூங்கட்டும், பாவம், எத்தனை நாள் தூக்கமோ என்று நினைத்து, அதற்கப்புறம் பேச்சைக் கொஞ்சம் மெதுவாகப் பேசினேன். நிறுத்தவில்லை. மலையடிவாரத்தில், முந்தல் செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது, சம்பந்தியம்மா பின்னாலிருந்து அவள் கழுத்தில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

பதினேழு வளைவு. தினமும் ஏறுகிறேன், இறங்குகிறேன். எந்த வளைவில் என்று எனக்குத் தெரியாது.

இப்போது ராக்கம்மாவை ஏன் இடித்தேன் என்று புரியும். என் ஜீப்பில் முன்சீட்டில் யாரும் கண்ணை மூடக் கூடாது. மூடினால் கேலி பண்ணுவேன், இடிப்பேன், திட்டு வாங்குவேன். திட்டினால் நல்லது, பதில் வந்துவிட்டது என்று கியரை மாற்றுவேன். இந்த ஆளுக்கு வாய் மூடாது என்று மலை முழுக்கப் பேர். எவ்வளவு ஜாலியான மனுசன், மகள் செத்தும் எப்படித் தேறிவிட்டான் பார் என்கிறார்கள். சொல்லட்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாப்பிள்ளை வந்தபோது சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருந்தான். பேர் ஏறிவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கார்டிலிருந்தும் பேரை வெட்ட வேண்டும், அதற்குச் சாவுச் சான்று வேண்டும் என்றான். இந்தத் தடவை நான் போகவில்லை. அந்தப் பையன்தான் போனான்.

உனக்கு நான் போன் பண்ணித் திடீரென்று நெஞ்சு நின்றுவிட்டது என்றேன். டெல்லியிலிருந்து மதுரையில் இறங்கி, பஸ்சு பிடித்து, நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொண்டே ஊரைப் பார்த்தேன். யாராவது உன்னிடம் ஏழு வாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன், அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று பயந்தேன். அதுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உண்மை என்னவென்றால், உன் கண்ணில் நான் வேறு ஆளாகிவிடுவேன் என்று பயந்தேன். நாலு வருடமாக அந்தப் பயம் இறங்கவில்லை, இதை எழுதும்போதும் இறங்கவில்லை. ஒரு பிள்ளையை வளைவில் விட்டேன், இன்னொரு பிள்ளையைக் கடிதத்தில் விடப்போகிறேனா என்று நேற்றுகூட இந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். உன் அம்மாதான் கையைப் பிடித்தாள். "சொல்லிருங்க. அவன் தாங்குவான். தாங்கலைன்னா அழுகட்டும். நாம மட்டுமே அவளுக்கு அழுதது போதும்" என்றாள். இந்த நாலு வருடத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அந்தப் பணத்தை நீ கேட்டுப் பறிக்கவில்லை. உனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் படித்ததை வாந்தி எடுக்காதே, விமான டிக்கெட்டைக் கிழிக்காதே, அப்படி எதையாவது செய்து எனக்குத் தண்டனை கொடுத்ததாக நினைத்துக்கொள்ளாதே. திட்டு. ஒரு வருடம் பேசாமல் இரு. அதற்கு உனக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் யாருக்கு எது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறவன், தன் வீட்டில் தனக்குக் கிடைத்தது யார் பங்கு என்று தெரியாமல் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

படிக்காதவன் உன் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் படிவம் வீட்டை ஒரு ஆளாக எண்ணுகிறது. வீட்டில் அட்டை உண்டா, வீட்டில் பணம் உண்டா என்று கேட்கிறது. வீடு ஒரு ஆள் இல்லை அப்பு. ஒரே கூரைக்கு அடியில் ஒரு பிள்ளைக்கு முழு மருந்து, ஒரு பிள்ளைக்குப் புட்டி கழுவிய தண்ணீர். அதைக் குடும்பத் தலைவனிடம் கேட்டால் என்னைப்போல ஒருத்தன் தமாஷாக ஏதாவது சொல்லி உன்னைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவான். எந்த வீட்டில் அப்பன் ரொம்பச் சிரிக்கவைக்கிறானோ அந்த வீட்டில் பேனாவை மூடாதே. அவன் வெளியே போகும்வரை காத்திருந்து, அடுப்படியில் நிற்கிற பிள்ளையிடம் தனியாகக் கேள். இன்னொன்று. கட்டிக்கொடுத்த பெண்ணை எந்த வீட்டில் எண்ணுவாய் என்று யோசித்து வை. நீ வீட்டில் எத்தனை பேர் என்றபோது நான் மூன்று என்றேன், அந்த லயத்தில் போய்க் கேட்டிருந்தால் அவர்களும் அவளை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். உன் தாளிலும் அவள் எந்தப் பக்கமும் இல்லை.

என் முறை வந்துவிட்டது, ராக்கம்மா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, இன்னும் என்ன எழுதுகிறாய், காதல் கடிதமா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன். நம் வீட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொள். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று போடு. பேர், பாண்டீஸ்வரி. படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் தேர்ச்சி, மேலே படிக்கவைக்கவில்லை. அட்டை, இல்லை, வெட்டியது அப்பா. முப்பத்தோராவது கேள்வி, சிகிச்சையைத் தள்ளிப்போட்டது உண்டா, உண்டு, ஏழு வாரம். காரணம் என்ற கோட்டில் நீ என்னென்ன விடை அச்சடித்து வைத்திருக்கிறாயோ, எதிலும் டிக் அடிக்காதே. அந்தக் கோட்டில் உன் கையால் எழுது: பணம் இருந்தது, அவளைக் கேட்கவில்லை.

அப்பா